எரிந்த பள்ளிக்கூடத்தின் பெஞ்சு



நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு நான் நடத்திய வரலாற்றுப் பாடத்தைக் கட்டுரையாக எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். பாடம் என்று பெயர்தானே தவிர, அதைத் தொடங்கி வைத்தது நானல்ல. பதினான்கு வயதான என் மகள்தான் தொடங்கி வைத்தாள். எனவே அவளிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அமெரிக்கப் பள்ளிகளில் பிப்ரவரி மாதம் வந்தால் கறுப்பின மக்களின் வரலாற்று மாதம் கொண்டாடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் அந்த மாதம் பசையும் அட்டையும் கத்தரிக்கோலுமாக இருக்கும். சென்ற ஆண்டு அட்டை இல்லை. மகள் தன் செல்போனை ஹாலில் இருந்த சோபாவை நோக்கிப் பிடித்து, "அம்மா, வந்து பாருங்க" என்றாள். போன் திரையில் எங்கள் சோபா தெரிந்தது, அதன் மேல் கிடந்த சலவைத் துணி மூட்டையும் தெரிந்தது. இரண்டுக்கும் பக்கத்தில் பழைய ராணுவ உடையில் ஒருவர் கம்பீரமாக நின்றிருந்தார். ஹெய்ட்டியில் அடிமைகளின் புரட்சிக்குத் தலைமை தாங்கிய துசேன் லூவெர்த்யூர். நான் சுற்றி நடந்தேன். அவர் முதுகுப் புறமும் தெரிந்தது. போனைக் கீழே இறக்கினால் வெறும் சோபா.

நியூயார்க்கைச் சேர்ந்த கின்ஃபோக் என்ற அமைப்பு இதைச் செய்திருக்கிறது. நகரத்துச் சதுக்கங்களில் சிலை வைக்கப்படாத கறுப்பின முன்னோர்களுக்குச் செல்போன் வழியாக நினைவுச் சின்னம் எழுப்புவது அவர்கள் வேலை. கல்லும் வேண்டாம், நகராட்சி அனுமதியும் வேண்டாம்.

மகள் கேட்டாள்: "நம்ம ஊரிலே இப்படி யாரை நிறுத்தலாம்?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்தான்.

எங்கள் ஊர் பாறசாலைக்குப் பக்கத்தில் ஓர் எல்லைக் கிராமம். காய்கறி வாங்கக் களியக்காவிளைக்குப் போனால் அது தமிழ்நாடு. வாங்கித் திரும்பி வந்தால் கேரளம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. கிடைக்கவில்லை. அதனால் எங்கள் வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்தில் பாடம் மலையாளம். தமிழ்நாட்டு உறவினர்கள் எங்களை "மலையாளத்தான்" என்பார்கள். பள்ளித் தோழிகள் "பாண்டி" என்பார்கள். இதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம், அது இருக்கட்டும்.

முதலில் அமெரிக்கக் கதையின் வேரைப் பார்ப்போம். கார்ட்டர் ஜி. உட்சன் என்ற வரலாற்று ஆசிரியர் 1926-ல் ஒரு வாரத்தைக் கறுப்பின வரலாற்றுக்கென ஒதுக்கினார். 1976-ல் அது மாதமாயிற்று. அதே 1926-ல் நியூயார்க் பொது நூலகம், ஆர்ட்டூரோ ஷோம்பர்க் என்பவர் திரட்டி வைத்திருந்த நூல்கள், கையெழுத்துப் பிரதிகள், படங்கள் எல்லாவற்றையும் கார்னகி அறக்கட்டளை தந்த 10,000 டாலரில் வாங்கியது. ஷோம்பர்க் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். சிறுவயதில் ஓர் ஆசிரியர், கறுப்பர்களுக்கு வரலாறே கிடையாது என்று சொன்னதாகவும், அந்தச் சொல்தான் அவரைத் தேடவைத்தது என்றும் சொல்வார்கள். ஹார்லெமில் 135-ஆவது தெருவுக்குப் போனால் அவர் பெயரில் உள்ள ஆய்வு மையத்தை நீங்களும் பார்க்கலாம். நம் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். டைம்ஸ் சதுக்கத்துக்குப் போகும் கூட்டத்தில் நூறில் ஒருவராவது அங்கே போகலாம்.

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்டார்கள். தொடர்பைக் கண்டவர்கள் சாமானியர்கள் அல்ல. மகாராஷ்டிரத்து ஜோதிராவ் புலே 1873-ல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். டாக்டர் அம்பேத்கர் 1946-ல் கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பினத்தார் தந்த மனுவின் பிரதியைக் கேட்டார். இந்தியத் தீண்டப்படாதவர்களின் நிலையும் அமெரிக்கக் கறுப்பினத்தாரின் நிலையும் ஒத்திருப்பதை அதில் சுட்டிக்காட்டினார். டுபாய்ஸ் பதிலும் எழுதினார்.

எங்கள் ஊருக்கு வருகிறேன். "திருவிதாங்கூரில் அடிமைகள் இருந்தார்கள்" என்று வகுப்பில் நான் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை, சில பெற்றோரும் நம்பவில்லை. 1836-ஆம் ஆண்டு எடுத்த கணக்கில் திருவிதாங்கூரின் மக்கள்தொகை 12,80,668. அதில் அடிமைகள் 1,64,864. ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவர். பருத்திக் காட்டுக்குப் பதில் நெல்வயல். அவர்களை விற்கலாம், பணயம் வைக்கலாம், பாட்டத்துக்கு விடலாம். ராணி கௌரி லட்சுமி பாய் 1812-ல் ஆள் விற்பனையைத் தடைசெய்தார். ஆனால் மண்ணோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்த வயலடிமைகளுக்கு அந்தத் தடை பொருந்தவில்லை. எந்தக் கூட்டம் பெரிதோ அதை விட்டுவிட்டது. 1847-ல் லண்டன் மிஷனரி சங்கத்தார் மன்னருக்கு மனுக் கொடுத்தார்கள். 1853-லும் 1855-லும் வந்த பிரகடனங்கள்தாம் அடிமை முறையைச் சட்டத்தில் முடித்தன. அமெரிக்காவில் 13-ஆவது திருத்தம் 1865-ல் வந்தது. சட்டப் புத்தகத்தில் நாம் பத்தாண்டு முந்திவிட்டோம். பொதுச்சாலை, பள்ளிக்கூடம், சந்தை மூன்றும் மட்டும் அதன் பிறகும் அவர்களுக்குத் திறக்கவில்லை.

இவற்றுக்கு ஆவணங்கள் எங்கே என்று கேட்பீர்கள். திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் உள்ள கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் சுருணை சுருணையாக ஓலைகள் இருக்கின்றன. பழைய வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, தமிழ் என்று எழுத்துகள் பல. 2022 இறுதியில் அங்கே ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. எல்லைக்கு அப்பால் நாஞ்சில் நாட்டில், அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ஆராய்ந்தார், பின்னர் அ.கா. பெருமாள் பதிப்பித்தார். அடிமை விற்பனை ஓலைகளும் அவற்றில் உண்டு. பாறசாலையில் இருந்த மிஷனரிகளின் கடிதங்களும் அறிக்கைகளும் லண்டன் பல்கலைக்கழகத்தின் எஸ்.ஓ.ஏ.எஸ். நூலகத்தில் இருக்கின்றன. அங்கு தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்தக் கால ஆங்கிலத்தில் பாறசாலையை 'பரேய்ச்சலே' என்று ஒலிக்கும்படி எழுதியிருப்பார்கள். இன்றைய எழுத்துக்கூட்டில் தேடினால் ஒன்றும் அகப்படாது. அந்த ஊரில் இருந்த ஜான் ஆப்ஸ் 1870-லும், சாமுவேல் மட்டீர் 1871-லும் 1883-லும் நூல் எழுதினார்கள்.

இந்த ஆவணங்களில் ஒரு குறை உண்டு. ஓலையை எழுதியவன் விற்றவன் பக்கம், அறிக்கையை எழுதியவர் வெள்ளைக்காரர். விற்கப்பட்டவர் எழுதிய ஓலை என்று ஒன்று என் கண்ணில் படவில்லை. நிலத்தின் எல்லைகளை நாலு திசையும் சொல்லி விவரிப்பார்கள், மனிதருக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. அமெரிக்கத் தோட்டக் கணக்குப் புத்தகங்களும் இப்படித்தான் என்று மகள் சொன்னாள். பள்ளியில் படித்திருக்கிறாள்.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போனோம். மகளின் திட்டம் பெரிது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் பழைய இடங்களில் போனைப் பிடித்தால் அந்தந்த இடத்தின் ஆவணம் எழுந்து நிற்க வேண்டும். அருவிப்புறத்தில் நாராயண குரு 1888-ல் சிவலிங்கம் நிறுவிய ஆற்றங்கரை, வெங்ஙானூரில் அய்யன்காளி பிறந்த இடம், பிறகு ஊருட்டம்பலம் பள்ளி.

அதற்கு முன் இந்த வித்தை எப்படி நடக்கிறது என்று பாடத்தில் சொன்னதை இங்கும் சொல்லிவிடுகிறேன். இதற்கு ஆங்கிலத்தில் ஆக்மென்டட் ரியாலிட்டி என்று பெயர். தமிழில் மிகை மெய்ம்மை என்கிறார்கள். நிஜக் காட்சியை மறைக்காமல் அதன் மேல் ஒரு படத்தைக் கூட்டிக் காட்டுவது. 1968-லேயே ஐவன் சதர்லாண்ட் தலையில் மாட்டும் கருவி ஒன்றைச் செய்து பார்த்தார். பெயர் வைத்தது 1990-களின் தொடக்கத்தில், போயிங் விமானக் கம்பெனியில். விமானத்துக்குள் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தொழிலாளிக்குக் கண்ணெதிரே காட்டுவதற்காக யோசித்த ஏற்பாடு அது. 2016-ல் போக்கிமான் விளையாட்டு வந்து பிள்ளைகளைத் தெருவில் ஓட விட்டதே, அதுவும் இதன் வகைதான். போனின் காமிரா, எதிரில் உள்ள பொருள்களின் மூலைகளையும் நிறம் மாறும் இடங்களையும் புள்ளிகளாகக் குறித்துக்கொள்கிறது. நாம் அசையும்போது அந்தப் புள்ளிகள் எப்படி நகர்கின்றன என்பதையும், போனுக்குள் உள்ள அசைவு உணரும் கருவிகள் சொல்வதையும் சேர்த்துக் கணக்கிட்டு, தரை எது, தான் எங்கே இருக்கிறேன் என்று அறிந்துகொள்கிறது. இதை ஒரு நொடியில் பல முறை செய்வதால்தான் துசேன் எங்கள் ஹாலில் வழுக்காமல் நின்றார்.

புள்ளி கிடைக்காவிட்டால் கதை முடிந்தது. ஓலையின் படத்தையே அடையாளமாக வைத்துப் பார்த்தோம். ஒரே பழுப்பு, ஒரே மாதிரிக் கீறல்கள், போன் திணறியது. வெள்ளையடித்த சுவரிலும் அதே கதி. பிறகு மகள் கட்டங்களும் கோடுகளும் நிறைந்த அட்டை ஒன்றை வரைந்தாள், உடனே பிடித்துக்கொண்டது. செயற்கைக்கோள் சொல்லும் இருப்பிடத்தை நம்பிப் படத்தை நிறுத்தலாம் என்றும் பார்த்தோம். அதில் சில மீட்டர் பிசகு வரும். நாங்கள் முதலில் நிறுத்திய மாட்டு வண்டி நடுரோட்டில் போய் நின்றது, அதன் வழியாக ஒரு ஆட்டோ போயிற்று.

அந்த மாட்டு வண்டி சும்மா வரைந்ததல்ல. அய்யன்காளி 1863-ல் வெங்ஙானூரில் பிறந்தார். புலையர்கள் பொதுச்சாலையில் நடக்கவே தடை இருந்த காலத்தில், 1893-ல் வில்வண்டி ஒன்றை வாங்கி, தலைப்பாகை கட்டி அதே சாலையில் ஓட்டிப் போனார். அடிதடி நடந்தது, அவர் பின்வாங்கவில்லை. 1907-ல் சாது ஜன பரிபாலன சங்கம் தொடங்கினார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் புல்தான் முளைக்கும் என்ற நிலைக்கு வேலைநிறுத்தம் நடந்தது. 1911-ல் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினரானார். தமக்கு எழுத்தறிவு கிடையாது, ஆனால் சபையில் அவர் பேசியது அரசு நடவடிக்கைக் குறிப்புகளில் அச்சாகி இருக்கிறது.

மகள் வண்டியைக் கணினியில் உருவாக்கினாள், அழகாக இருந்தது. "இது அவர் வண்டியா?" என்று கேட்டேன். "இல்லை, அந்தக் காலத்து வில்வண்டி." "அப்படியானால் அதையும் எழுது" என்றேன். அவளுக்குச் சற்றுக் கோபம். இருந்தாலும் வண்டிக்குப் பக்கத்தில், 'இது அக்கால வண்டி வகை, அய்யன்காளியின் வண்டி அல்ல' என்று ஒரு சிறு பலகை வைத்தாள்.

ஊருட்டம்பலத்தில்தான் பாடம் கடினமாயிற்று. பூஜாரி அய்யன் என்பவரின் மகள் பஞ்சமி. சிறு பெண். பள்ளியில் சேர்க்க அரசு அனுமதி தந்த பிறகும் ஊரார் விடவில்லை. அய்யன்காளி அவளைக் கைபிடித்து அழைத்துப் போய் வகுப்பில் உட்கார வைத்தார். மேல்சாதியார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறினார்கள். பள்ளிக்குத் தீ வைத்தார்கள். அந்தத் தீயில் எஞ்சிய ஒரு பெஞ்சை இன்றும் பள்ளியில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 2022-ல் கேரள அரசு அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டியது.

எந்த ஆண்டு? அரசு விழாவில் சொன்னது 1910. ஆனால் ஊரில் 'தொண்ணூறாம் ஆண்டு லகளை' என்ற பெயரும் உண்டு. கொல்லம் ஆண்டு 1090. பிள்ளைகளே, கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டுங்கள். சிங்ஙம் முதல் டிசம்பர் வரையுள்ள மாதங்களுக்கு மட்டும் 824. அப்படியானால் 1914-15 வருகிறது. நூல்கள் இரண்டு விதமாகவும் எழுதுகின்றன. மகள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். இரண்டையும் போடு என்றேன். பலகையில் எண்கள் கூடினால் படம் கெட்டுவிடும் என்பது அவள் வாதம். கெடட்டும்.

பள்ளி அலுவலகத்தில் அனுமதி கேட்டுப் பெஞ்சைச் சுற்றி வந்து எண்பதுக்கு மேற்பட்ட புகைப்படங்கள் எடுத்தோம். ஒரு படத்தில் உள்ள பகுதி அடுத்த படத்திலும் பாதிக்கு மேல் வரவேண்டும். இரு படங்களிலும் ஒரே புள்ளியைக் கண்டுபிடித்து, எவ்வளவு இடம் மாறியிருக்கிறது என்று பார்த்து, கணினி அந்தப் பொருளின் முழு உருவத்தையும் கணக்கிட்டுத் தரும். நம் இரு கண்களும் தூரத்தை அறிவது போலத்தான். வெயில் நேராக விழாத காலை வேளை இதற்கு நல்லது, நிழல் மாறினால் கணக்கும் மாறிவிடும்.

அன்றிரவு மகள் பெஞ்சின் மேல் ஒரு சிறுமியை உட்கார வைத்தாள். பெரிய கண்கள், இரட்டைப் பின்னல், கையில் சிலேட்டு. பார்த்த எவருக்கும் கண்ணீர் வரும். எனக்கும் வந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் குழந்தைப் பஞ்சமியின் முகம் இதுதான் என்று சொல்ல எங்களிடம் ஒரு படமும் இல்லை. இரட்டைப் பின்னல் என் மகளுடையது. கண்கள் ஏதோ கார்ட்டூனிலிருந்து வந்தவை. நாளைக்கு ஒரு குழந்தை இதைப் பார்த்தால் இதுதான் பஞ்சமி என்று மனதில் பதித்துக்கொள்ளும், பிறகு எந்தப் புத்தகமும் அதை மாற்ற முடியாது. ஓலையில் முகம் இல்லாதவர்களுக்கு நாமே முகம் மாட்டிவிட்டால், அவர்களை இரண்டாம் முறையும் நம் விருப்பப்படி எழுதியதாகிவிடாதா? வெகு நேரம் விவாதித்தோம். கடைசியில் சிறுமி போனாள், பெஞ்சு மட்டும் நின்றது.

இப்போது என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் பாடம் பாதிதான்.

எங்கள் சமூகம் தோள்சீலைப் போராட்டத்தில் அடிபட்ட சமூகம். 1822 முதல் கல்குளம், இரணியல் பக்கம் தொடங்கி, 1858-59-ல் எங்கள் பகுதி வரை கலகம் பரவியது. 1859 ஜூலை 26-ஆம் நாள் வந்த பிரகடனம்தான் பெண்கள் மேலுடை அணிய வழிவிட்டது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை. இந்தக் கதையைக் கேட்டே நான் வளர்ந்தேன். மகள் தன் பாட்டியிடம் இதைக் கேட்டுப் பதிவு செய்தாள். அம்மா உற்சாகமாகச் சொன்னார். பிறகு மகள் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள்: "பாட்டி, நம்ம வயலில் யார் வேலை செய்தாங்க?"

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தம் சிறுவயதில் ஒரு கிழவி வருவாள் என்றும், வீட்டுக்குப் பின்புறம் பலாமரத்தடியில் சிரட்டையில் கஞ்சி ஊற்றிக் கொடுப்பார்கள் என்றும் சொன்னார்.

"பெயர் என்ன பாட்டி?"

"பேரு... கிழவியேன்னுதான் கூப்பிடுவோம்."

போனை அணைத்த பிறகு அம்மா என்னிடம் வந்தார். "மக்ளே, நம்ம மேலே விழுந்த அடியை ஊரெல்லாம் சொல்லு. இதெல்லாம் இப்பம் எதுக்கு? நாலு பேரு நம்மளப் பத்தி என்ன நெனைப்பாவ?" என்றார். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. நான் எதிர்த்துப் பேசவில்லை.

மகள் அதற்குள் பலாமரத்தடியில் ஒரு சிரட்டையை நிறுத்திவிட்டாள். போனைப் பிடித்தால் சிரட்டை தெரியும், பக்கத்தில் வெறுமையான ஒரு பெயர்ப்பலகை. இதை வெளியில் காட்டுவதற்கு முன் அந்தக் கிழவியின் குடும்பத்தாரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. விசாரித்ததில் பேரன் ஒருவர் இருந்தார், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்குப் போனோம். உட்காரச் சொன்னார், கண்ணாடி டம்ளரில் டீ தந்தார். மகள் எல்லாவற்றையும் காட்டினாள். பெஞ்சை அவர் நெடுநேரம் பார்த்தார். போனை வாங்கி, எழுந்து, தம் வீட்டு முற்றத்தில் அதை நிறுத்திச் சுற்றி வந்து பார்த்தார். சிரட்டையைப் பார்த்ததும் போனைத் திருப்பித் தந்துவிட்டார்.

"மோளே, அது வேண்டாம்" என்றார் எங்கள் ஊர் மலையாளத் தமிழில்.

எடுத்துவிடுகிறோம் என்றேன். "எடுக்கவும் வேண்டாம்" என்றார். எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். அந்தப் பலகையில் பாட்டியின் பெயரைத் தேடி எழுத வேண்டாம், அவரைப் பற்றி அவர்கள் வீட்டில் சொல்லிக்கொள்ள வேறு நல்ல கதைகள் இருக்கின்றன, சிரட்டையோடு சேர்த்து அவர் பெயரை யாரும் நினைக்க வேண்டியதில்லை. கஞ்சி ஊற்றியது எந்த வீடு என்று அந்த வீட்டுப் பெயரைப் போடுங்கள், என்றார். "ஓலையில் எல்லாம் எங்க ஆட்களைத்தானே எழுதி வெச்சிருக்கு."

பாட்டியின் பெயரை மகள் கேட்டாள். சொன்னார். எழுதக்கூடாது என்றும் சொன்னார். இங்கும் நான் எழுதவில்லை.

திரும்பி வரும் வழியில் களியக்காவிளை பஸ்ஸில் இருவரும் பேசவேயில்லை. வீட்டுப் பெயரைப் பலகையில் போட அம்மாவின் சம்மதம் வேண்டும். கேட்டேன். முதல் நாள் முடியாது என்றார், இரண்டாம் நாளும் முடியாது என்றார். நாங்கள் விமானம் ஏறும் வரை அந்தப் பலகை வெறுமையாகவே இருந்தது. இப்போதும் வாரம் ஒரு முறை போனில் பேசும்போது மகள் கேட்கிறாள். பாட்டி பேச்சை மாற்றி, பலாப்பழம் எத்தனை காய்த்தது என்று சொல்கிறார். ஆனால் சென்ற மாதம், அந்தப் பேரன் வீட்டுக்கு ஒரு பழத்தைக் கொடுத்தனுப்பியதாகச் சொன்னார். அவர் அதை வாங்கிக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை.

தமிழ்ப் பள்ளியில் சென்ற செப்டம்பரில் இந்தப் பாடத்தை நடத்தினேன். வகுப்பறை நடுவில் ஊருட்டம்பலம் பெஞ்சை நிறுத்தினோம். பிள்ளைகள் ஆளுக்கொரு போனோடு சுற்றி வந்தார்கள். ஏழு வயதுப் பையன் ஒருவன் அதில் உட்காரப் போய்த் தரையில் தொப்பென்று விழுந்தான். சிரிப்பு அடங்கியதும் ஒரு பெண் குழந்தை, "இதிலே யார் டீச்சர் உட்கார்ந்திருந்தாங்க?" என்று கேட்டது. அதற்குப் பிறகு நான் திட்டமிட்ட பாடத்தை நடத்த வேண்டியிருக்கவில்லை, அந்தக் கேள்வியிலிருந்தே போயிற்று.

அடுத்த வகுப்புக்கு ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளைக் கொண்டுவர வேண்டும். அளக்கும் நாழி, பனையோலைப் பெட்டி, பத்திரம், பாத்திரம் எதுவானாலும் சரி. முடியாதவர்கள் ஊரில் உள்ள பாட்டி தாத்தாவிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். நல்ல வெளிச்சத்தில், பொருளைச் சுற்றி வந்து, குறைந்தது அறுபது படங்கள். பளபளக்கும் பித்தளை வேண்டாம், அதில் புள்ளி நிற்காது. அதைச் செய்தது யார், பயன்படுத்தியது யார், கழுவி வைத்தது யார் என்ற மூன்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள். மூன்றாவதற்குப் பதில் கிடைக்காவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டே கொண்டுவாருங்கள். பெற்றோர்களே, தயவுசெய்து நீங்கள் நிரப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.